காப்லிட்ஸ் மாவட்டம் எங்க போச்சு? செக், ஜெர்மன் ரெண்டும் பேசின ஊருங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மால்ச்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரியால லின்ஸ்ல நாலு வருஷமா வேலை பாக்குறேன், லீவு நாள்னா சைக்கிள எடுத்துட்டு வடக்க செக் பார்டர் பக்கம் போயிடுவேன். போன வாரம் லியோபோல்ட்ஷ்லாக் தாண்டி மால்ச் ஆத்தோரமா போனேன். ஆறுன்னு பேருதான், பேன்ட்ட முழங்கால் வரைக்கும் மடிச்சா நடந்தே அந்தப் பக்கம் போயிடலாம் போல இருந்துச்சு, ஆனா அதுதான் ரெண்டு நாட்டுக்கும் எல்லை. அந்தக் கரையில ஒரு சர்ச் நிக்குது, நல்லா வெள்ளையடிச்சு கூரையெல்லாம் சரி பண்ணி வச்சிருக்காங்க, ஆனா சுத்தி ஒரு வீடு கூட இல்ல. வெறும் புல்லு. அந்தப் புல்லுக்குள்ள அங்கங்க மேடு தட்டுது, மேட்டு மேல காஞ்சொறி மண்டிக் கெடக்கு, யாரும் பறிக்காத ஆப்பிள் மரம் ரெண்டு மூணு வரிசையா நிக்குது. வரிசையா நிக்குதுன்னா யாரோ நட்டிருக்கணும்ல, அதுதான் மனச என்னமோ பண்ணிடுச்சு. அந்த எடத்துக்கு செக்ல செட்வினி, ஜெர்மன்ல ஸெட்விங்னு பேரு.

வீட்டுக்கு வந்து, முன்னாடி பழைய சாமான் சந்தையில வாங்கி வச்சிருந்த ஒரு மேப்ப விரிச்சு பாத்தேன். அதுல ஸெட்விங் ஒரு நல்ல ஊரா போட்டிருக்கு, சுத்தி கோடு போட்டு காப்லிட்ஸ் பெசிர்க்னு, அதாவது காப்லிட்ஸ் மாவட்டம்னு எழுதியிருக்கு. இப்ப அப்படி ஒரு மாவட்டமே இல்ல. காப்லிட்சேன்னு ஒரு சின்ன டவுன் இருக்கு, நான் அந்த வழியா போயிருக்கேன், அவ்வளவுதான்.

கேள்வி இதுதான். இந்த மாவட்டம் எப்ப வந்துச்சு, எப்ப போச்சு? அங்க ஜெர்மன் பேசினவங்க எத்தன பேரு, செக் பேசினவங்க எங்க இருந்தாங்க? ஆபீஸ்ல எந்த மொழி ஓடுச்சு? ஒரு செக் விவசாயி மனு எழுதிட்டுப் போனா யாரு படிச்சாங்க? தேடிப் பாத்தா ஒண்ணு ஜெர்மன்காரங்க எழுதினது கெடைக்குது, இல்ல செக்காரங்க எழுதினது கெடைக்குது, ரெண்டும் ரெண்டு வேற ஊரப் பத்தி எழுதின மாதிரியே இருக்கு.

---

பழையசுவடி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் ஆஸ்திரியாவ ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து காலத்து நிர்வாகத்த பல வருஷமா படிச்சிட்டு வரேன், என்னால ஆன வரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கணும். 1848 வரைக்கும் அங்க மாவட்ட ஆபீஸ்னு சாதாரண ஜனங்களுக்கு ஒண்ணும் கெடையாது. பொஹீமியா, அதாவது இன்னிக்கு செக் நாட்டோட மேற்குப் பகுதி, அப்ப ஆஸ்திரியா பேரரசுல ஒரு மாகாணம், அத முழுக்க பெரிய பெரிய வட்டாரமா பிரிச்சிருந்தாங்க, காப்லிட்ஸ் புட்வைஸ் வட்டாரத்துல வரும், இன்னிக்கு செஸ்கே புட்யெயோவிட்சேன்னு சொல்ற ஊருதான் புட்வைஸ். ஆனா ஒரு குடியானவனுக்கு கோர்ட்டு, வரி, தண்டனை எல்லாமே ஜமீன்தான். காப்லிட்ஸ் பக்கம் அந்த ஜமீன் புகுவா குடும்பம், 1620-ல வெள்ளமலைப் போர்ல ஜெயிச்ச பேரரசர் பக்கம் நின்ன தளபதிக்கு அந்தச் சொத்து போச்சு, அவங்க உக்காந்த எடம் நோவே ஹ்ராடி, ஜெர்மன்ல க்ராட்ஸன். தெற்க விஷ்ஷீ ப்ரோட் பக்கம், அதாவது ஹோஹன்ஃபுர்ட்ல, 1259-ல ரோஸன்பெர்க் வம்சத்து வோக் கட்டின சிஸ்டர்சியன்ங்கற கத்தோலிக்கத் துறவிங்க மடம். ஜமீனும் மடமும்தான் அரசாங்கம் மாதிரி.

1848 புரட்சியில ஜமீன் அதிகாரம் ஒழிஞ்சுச்சு, அதுக்கப்புறம் அந்த வேலைய செய்ய அரசாங்கமே ஆபீஸ் போட வேண்டியதாயிடுச்சு. 1850-ல மொத தடவ புது ஆபீஸ் வந்துச்சு, நடுவுல கொஞ்ச வருஷம் கோர்ட்டையும் நிர்வாகத்தையும் ஒரே ஆபீஸ்ல போட்டு கொழப்பி, கடைசியா 1868-ல ரெண்டையும் பிரிச்சாங்க. நீங்க மேப்ல பாக்குற காப்லிட்ஸ் மாவட்டம் அந்த 1868 ஏற்பாடுதான். மாவட்டத் தலைமை காப்லிட்ஸ்ல, அதுக்குக் கீழ மூணு கோர்ட்டு வட்டம்: காப்லிட்ஸ், க்ராட்ஸன், ஹோஹன்ஃபுர்ட். இந்த மூணு கோர்ட்டு வட்டத்த மறக்காதீங்க, பின்னாடி மொழிப் பிரச்சினை முழுக்க மாவட்டத்த விட கோர்ட்டு வட்டத்துலதான் வந்து நிக்கும்.

இன்னொண்ணும் சொல்றேன், நீங்க லின்ஸ்ல இருக்கறதால உங்களுக்குப் புரியும். உங்க பக்கம் ஃப்ரைஷ்டாட் மாவட்டம் இருக்கே, பெசிர்க்ஸ்ஹாப்ட்மன்ஷாஃப்ட்னு ஆபீஸ் போர்டு இருக்கே, அது காப்லிட்ஸ் மாவட்டத்தோட கூடப்பிறந்தது. அதே 1868, அதே சட்டம், அதே மாதிரி ஆபீஸ். ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது இன்னும் உயிரோட இருக்கு, அந்தப் பக்கம் இருந்தது இல்ல.

மொழிக்கு வரேன். தெற்க, எல்லையோரம், மலைக்காடு, மடத்து ஊருங்க எல்லாம் ஜெர்மன். காப்லிட்ஸ் டவுனும் பெரும்பாலும் ஜெர்மன். வடக்க புட்வைஸ் பக்கம் ஏற ஏற செக் கிராமங்க வரும். மொழி மாறுற எடம் சுவரு மாதிரி இருக்காது, ஒரு ஊர்ல ரெண்டும் பேசுவாங்க, பக்கத்து ஊர்ல செக், அதுக்கு அடுத்த ஊரு திரும்ப ஜெர்மனா இருக்கும்.

ஆபீஸ் மொழின்னு கேட்டீங்க. அந்தக் காலத்து வழக்குல அத ரெண்டாப் பிரிச்சாங்க: வெளி மொழி, உள் மொழி. வெளி மொழின்னா ஜன்னலுக்கு வர்ற ஆளுகிட்ட பேசுறது, அவரு மனுவுக்கு பதில் எழுதுறது. உள் மொழின்னா குமாஸ்தா ஃபைல்ல குறிப்பு எழுதுறது, ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசுக்கு எழுதுறது. 1880-ல ஸ்ட்ரெமயர் உத்தரவு வந்து, பொஹீமியா, அதுக்குக் கிழக்க இருக்கற மொராவியா முழுக்க வெளி மொழி ரெண்டும்தான், எவன் எந்த மொழியில மனு குடுக்குறானோ அந்த மொழியில பதில்னு சொல்லிடுச்சு. அதனால நீங்க சொன்ன செக் விவசாயியோட மனுவ ஹோஹன்ஃபுர்ட் கோர்ட்டே வாங்கித்தான் ஆகணும், சட்டப்படி. ஆனா மனுவ வாங்கினதும் உள்ள போற குறிப்பு ஜெர்மன்ல.

1897 ஏப்ரல்ல பிரதமர் பாடெனி உள் மொழியும் ரெண்டா இருக்கணும், 1901 நடுவுக்குள்ள எல்லா குமாஸ்தாவும் ரெண்டு மொழியும் கத்துக்கணும்னு உத்தரவு போட்டாரு. படிச்ச செக்காரங்களுக்கு ஜெர்மன் ஏற்கனவே தெரியும், ஜெர்மன் குமாஸ்தாவுல செக் தெரிஞ்சவங்க கம்மி, அப்போ வேலை யாருக்குப் போகும்? அந்தப் பயம்தான். வியன்னா பார்லிமென்ட்ல மேசைய உடைச்சாங்க, தெருவுல கலவரம், நவம்பர் கடைசியில பாடெனி வீட்டுக்குப் போயிட்டாரு, 1899-ல உத்தரவையே வாபஸ் வாங்கிட்டாங்க. ஒரு குமாஸ்தா ஃபைல் ஓரத்துல எந்த மொழியில ரெண்டு வரி எழுதணும்ங்கறதுக்காக ஒரு பேரரசோட அரசாங்கமே கவுந்துச்சுன்னா, அந்த மேசை அந்த ஜனங்களுக்கு எவ்வளவு பெருசா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

---

ரெண்டுவாசல் எழுதியது:

சுவடி சார் சொன்னதுல எனக்கு ஒரு எடத்துல மட்டும் ஒப்புதல் இல்ல, கோச்சுக்காதீங்க. ஜெர்மன் ஊரு, செக் ஊருன்னு சுலபமா சொல்லிடுறோம், அது எதை வச்சு சொல்றோம்? சென்சஸ் வச்சுத்தான். ஆஸ்திரியா சென்சஸ் 1880, 1890, 1900, 1910ன்னு நாலு தடவ மொழி கேட்டுச்சு. ஆனா தாய்மொழி என்னன்னு அது கேக்கவே இல்ல, நீ எந்த இனம்னும் கேக்கல. தினமும் புழங்குற மொழி எதுன்னு கேட்டுச்சு, அதுவும் ஒண்ணே ஒண்ணுதான் எழுதலாம். ரெண்டும் பேசுறேன்னு எழுத எடமே கெடையாது.

இப்ப யோசிங்க, ஒரு செக் பொண்ணு காப்லிட்ஸ்ல ஒரு ஜெர்மன் கடைக்காரர் வீட்ல வேலைக்கு இருக்கா, பகல் முழுக்க ஜெர்மன், ராத்திரி ஜெபம் செக். அவ என்ன எழுதுவா? அவளா எழுதப் போறா, வீட்டுக்காரர் ஃபாரத்த நிரப்புவாரு. முதலாளி சொன்னாரு, வீட்டு ஓனர் சொன்னாருன்னு எழுதினவங்க எவ்வளவோ. 1910-ல பொஹீமியா மொத்தத்துல செக் 63 சதவீதம், ஜெர்மன் கிட்டத்தட்ட 37ன்னு வருது, அந்த எண்ணு பொய்யின்னு நான் சொல்லல, ஆனா ஒவ்வொரு ஆளும் சுத்தமா ஒரு பெட்டியில இருந்தாங்கன்னு அது காட்டுது பாருங்க, அது உண்மை இல்ல.

அந்தப் பக்கங்கள்ல ஒரு பழக்கம் இருந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இத எழுதாம போக மனசு வரல. செக் விவசாயி தன் பையன ஒரு வருஷத்துக்கு ஜெர்மன் கிராமத்துல ஒரு விவசாயி வீட்ல விட்டுடுவாரு, அந்த ஜெர்மன் விவசாயி தன் பையன இங்க அனுப்புவாரு. பணம் காசு ஒண்ணும் கெடையாது, பிள்ளைக்குப் பிள்ளை மாத்திக்கிறது. அவன் இவங்க வீட்ல சாப்பிட்டு, இவங்க மாட்ட மேச்சு, இவங்க மொழிய கத்துட்டு வருவான். சந்தைக்குப் போனா, பொண்ணு பாக்கப் போனா, பட்டாளத்துக்குப் போனா உதவும்னு. பொஹீமியா, மொராவியா ரெண்டுலயும் பல தலைமுறைக்கு இது நடந்துச்சு. அந்தப் பையனுக்கு ரெண்டு அம்மா மாதிரி. அவன சென்சஸ்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க?

இந்தப் பழக்கத்த பாத்து கவலப்பட்டவங்களும் இருந்தாங்க. 1880-ல ஜெர்மன் பக்கம் ஷூல்ஃபெரைன்னு ஒரு பள்ளிக்கூடச் சங்கம் வந்துச்சு, அதே வருஷம் செக் பக்கமும் மாட்டிட்சே ஷ்கோல்ஸ்காங்கற சங்கம். 1884-ல புட்வைஸ்ல ஜெர்மன்காரங்க போமர்வால்ட்புண்ட்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதே 1884-ல செக்காரங்க ப்ராக்ல நாரொட்னீ யெட்னொட்டா போஷுமவ்ஸ்கான்னு ஆரம்பிச்சாங்க. வருஷத்தப் பாருங்க, ஜோடி ஜோடியா வருது. ஒருத்தர் பள்ளிக்கூடம் கட்டினா அடுத்தவர் எதிர்க்கக் கட்டுவாரு. நம்ம பிள்ளைங்கள அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இழுக்குறாங்கன்னு ரெண்டு பக்கமும் ஒரே குத்தச்சாட்டு. பிள்ளைய மாத்தி விட்ட அதே ஊருங்கள்ல பிள்ளைய எண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

---

பழையசுவடி எழுதியது:

கோவமெல்லாம் இல்லீங்க, நீங்க சொன்னது சரிதான், நான் அவசரத்துல சுருக்கிட்டேன். பள்ளிக்கூடம்னதும் ஞாபகம் வருது, காப்லிட்ஸுக்கு அதுக்கு நூறு வருஷம் முந்தியே ஒரு பள்ளிக்கூடக் கதை உண்டு. ஃபெர்டினான்ட் கின்டர்மன்னு ஒரு பாதிரியார் 1771-ல அங்க வந்தாரு, எழுத்துப் படிப்போட நூல் நூக்கறது, தோட்ட வேலைன்னு கைத்தொழிலும் சேத்து சொல்லிக் குடுத்தாரு, வேற ஊர்லேர்ந்தெல்லாம் வாத்தியாருங்க அங்க வந்து பாத்து கத்துட்டுப் போனாங்க. பேரரசி மரியா தெரேசா அவர பொஹீமியா பள்ளிக்கூடத்துக்கெல்லாம் பொறுப்பா போட்டாங்க, ஷூல்ஷ்டைன்னு பட்டப் பேரும் கெடச்சுச்சு. அந்தச் சின்ன டவுன் அவரால ஒரு காலத்துல பேரரசு முழுக்கத் தெரிஞ்ச பேரு.

---

மால்ச்கரை எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, பையன மாத்திக்கிற விஷயத்த மூணு தடவ படிச்சேன். ஃப்ரைஷ்டாட் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, அந்த ஆபீஸ் வாசல்ல நானே போய் நின்னிருக்கேன்.

அடுத்த கேள்வி. 1918-க்கு அப்புறம் என்னாச்சு? செக்கோஸ்லோவாக்கியா வந்ததும் ஜெர்மன் பேசினவங்க ஜன்னல்ல போய் ஜெர்மன்ல பேச முடிஞ்சுதா? அப்புறம் கோர்ட்டு வட்டத்த மறக்காதீங்கன்னு சொன்னீங்களே, அது ஏன்?

---

இருபதுசதவீதம் எழுதியது:

என் பேரே அதுக்காக வச்சதுதான், அதனால இத நான் சொல்றேன். சட்டம் படிச்சவன், இந்த ஒரு சட்டத்த மட்டும் ரொம்ப நாளா துருவிட்டு இருக்கேன்.

1918 அக்டோபர் 28 குடியரசு வந்துச்சு. தென் பொஹீமியா ஜெர்மன் பிரதிநிதிங்க நாங்க மேல் ஆஸ்திரியாவோட சேர்றோம்னு போமர்வால்ட்கௌன்னு ஒண்ண அறிவிச்சாங்க, அதுல காப்லிட்ஸும் சேத்தி. அந்த வருஷம் முடியறதுக்குள்ள செக் படை வந்துடுச்சு, அவ்வளவுதான் அதோட ஆயுசு. 1919 செப்டம்பர்ல, முதல் உலகப் போருக்கு அப்புறம் ஆஸ்திரியாவோட போட்ட செயின்ட் ஜெர்மெய்ன் ஒப்பந்தம் பழைய பொஹீமியா எல்லையையே பெரும்பாலும் நாட்டு எல்லையாக்கிடுச்சு. அதுவரைக்கும் மால்ச் ரெண்டு மாகாணத்துக்கு நடுவுல ஓடின ஆறு, அதுக்கப்புறம் ரெண்டு நாட்டுக்கு நடுவுல.

1920 பிப்ரவரி 29 தேதி மொழிச் சட்டம். அரச மொழி செக்கோஸ்லோவாக், அது எல்லா எடத்துலயும் செல்லும். சிறுபான்மை மொழின்னா, ஒரு கோர்ட்டு வட்டத்துல கடைசி சென்சஸ் படி குறைஞ்சது 20 சதவீதம் குடிமக்கள் அந்த மொழிக்காரங்களா இருக்கணும். இருந்தா அந்த வட்டத்துல மனு உங்க மொழியில குடுக்கலாம், பதில் அரச மொழியோட உங்க மொழியிலயும் வரும், உங்க பேர்ல வழக்கு போட்டா குற்றப்பத்திரிகையும் உங்க மொழியில வரணும். 20-க்குக் கீழ இருந்தா இந்த உரிமை எதுவும் கெடையாது.

கவனிங்க, சட்டம் ஊர எண்ணல, மாவட்டத்த எண்ணல, கோர்ட்டு வட்டத்த எண்ணுது. உங்க ஊரு நூத்துக்கு நூறு ஜெர்மனா இருக்கலாம், ஆனா பத்தொம்பது சதவீத வட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா முடிஞ்சுது. பக்கத்து வட்டத்துல ஒரே ஒரு ஜெர்மன்காரர் இருக்காரு, ஆனா வட்டம் இருபத தாண்டிடுச்சு, அவருக்கு உரிமை உண்டு. காப்லிட்ஸோட மூணு வட்டத்துல ஜெர்மன்காரங்களுக்கு இந்தக் கவலை இல்ல, தாராளமா 20-க்கு மேல. ஆனா உள்நாட்டு டவுன்ல இருந்தவங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனாலதான் ஒவ்வொரு சென்சஸும், 1921, 1930, ரெண்டும் தேர்தல் மாதிரி நடந்துச்சு.

கோடு எங்க போகுதுங்கறதுக்கு எவ்வளவு பலம்னு பாக்கணும்னா மொராவியாவோட பெரிய நகரம் ப்ர்னோவ பாருங்க. 1910-ல ப்ர்னோ நகரத்துல மூணுல ரெண்டு பங்கு ஜெர்மன்னு கணக்கு. 1919-ல சுத்தியிருந்த 23 ஊர நகரத்தோட சேத்து பெரிய ப்ர்னோன்னு ஆக்கினாங்க, அதுல பெரும்பாலானது செக் ஊருங்க. அடுத்த கணக்குல ஜெர்மன் பங்கு மூணுல ஒண்ணுக்கும் கீழ போச்சு. அதுல ஆளுங்க செக்னு மாத்தி எழுதினதும், யூதர்கள் தனியா எழுத வழி வந்ததும் கொஞ்சம் உண்டு, ஆனா பெரிய காரணம் அந்தக் கோடுதான். ஒருத்தரும் வீடு மாறல.

இதே கோட்டு விளையாட்ட முன்னாடி ஜெர்மன் பக்கம் ஆட பாத்தாங்க, அதையும் சொன்னாத்தான் நியாயம். 1890 ஜனவரியில வியன்னால ஒரு சமரசம், பொஹீமியா கோர்ட்டு வட்டத்த மொழிப்படி வெட்டி ஒட்டி, முடிஞ்ச வரைக்கும் ஒரு வட்டத்துல ஒரு மொழின்னு ஆக்கறதுன்னு. ஜெர்மன்காரங்களுக்கு அது வேணும், ஏன்னா ஜெர்மன் மட்டும் உள்ள வட்டத்துல செக் மனுவ வாங்க வேண்டாம், செக் தெரிஞ்ச ஜட்ஜும் வேண்டாம். இளம் செக் கட்சி, பொஹீமியா ஒரே நாடு, அத துண்டு போடக் கூடாது, எந்த மூலையிலயும் செக் செல்லணும்னு எதிர்த்தாங்க, 1891 தேர்தல்ல செக் பகுதியில அவங்கதான் அடிச்சு தூக்கினாங்க, சமரசம் செத்துப் போச்சு. முப்பது வருஷம் கழிச்சு யாரு எங்க நிக்கிறாங்கங்கறது தலைகீழாயிடுச்சு, ஆனா சண்டை அதே கோர்ட்டு வட்டத்து மேலதான். அதனாலதான் சுவடி சார் மறக்காதீங்கன்னாரு.

என் மனசுல பட்டத சொல்றேன். மாவட்டம்னா நாம மேப்ல கலர் அடிச்ச ஒரு துண்டுன்னு நெனைக்கிறோம். அங்க இருந்தவங்களுக்கு அது ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்ல நான் வாயத் தொறந்தா எனக்கு பதில் வருமா வராதாங்கறதுதான் அவங்களுக்கு மாவட்டம்.

---

நதிக்கரைவாணி எழுதியது:

நான் புட்யெயோவிட்சேல படிக்கிறேன், காப்லிட்சே இங்கேர்ந்து பக்கம்தான், அதனால கடைசி பாகத்த நான் எழுதறேன், யாரும் இன்னும் தொடல. எழுதக் கஷ்டமான பாகம்தான்.

1938 செப்டம்பர் கடைசியில மியூனிக் ஒப்பந்தம், ஜெர்மன் பேசின எல்லையோரப் பகுதி, அதாவது சுடேட்டன் பகுதி, ஹிட்லர் கைக்குப் போச்சு, அக்டோபர் ஆரம்பத்துல ஜெர்மன் ராணுவம் வந்துச்சு. பெரும்பாலான சுடேட்டன் பகுதி தனி ரைஷ்ஸ்கௌ, அதாவது நாஜி மாகாணம் ஆச்சு, ஆனா தெற்கு ஓரத்த அப்படியே பழைய ஆஸ்திரியாவோட ஒட்டிட்டாங்க. காப்லிட்ஸும் க்ருமாவும் (இன்னிக்கு செஸ்கீ க்ரும்லோவ்) ஓபர்டோனௌ கூட, அதாவது நாஜிங்க பேரு மாத்தின மேல் ஆஸ்திரியா கூட சேர்ந்துச்சு, அதுக்குத் தலைநகரம் உங்க லின்ஸ்தான் மால்ச்கரை அண்ணா. ஏழு வருஷம் நீங்க பாத்த அந்த சர்ச்சுக்கு உத்தரவு லின்ஸ்லேர்ந்து வந்துச்சு. மாவட்டம் பேரு காப்லிட்ஸ் லாண்ட்க்ரைஸ்னு மாறுச்சு. ஜன்னல்ல செக் மொழிக்கு எடமே இல்லாம போச்சு, செக் அதிகாரிங்க, வாத்தியாருங்க எல்லாம் கெளம்பிப் போயிட்டாங்க, இல்லன்னா போக வச்சாங்க. விஷ்ஷீ ப்ரோட் மடத்த 1941-ல நாஜிங்க மூடிட்டாங்க, அங்க இருந்த துறவிங்க பெரும்பாலும் ஜெர்மன் பேசினவங்கதான், அதெல்லாம் அவங்க பாக்கல.

1945-ல எல்லாம் திரும்புச்சு. மொதல்ல ஜெர்மன் பேசினவங்கள கட்டுப்பாடே இல்லாம நாட்ட விட்டுத் துரத்தினாங்க, அதுல அடியும் சாவும் நெறைய. 1946-லேர்ந்து ரயில் வச்சு அனுப்பினாங்க, ஒரு ரயிலுக்கு 40 வண்டி, வண்டிக்கு 30 பேர், மொத்தம் 1,200 பேர், ஆளுக்கு 50 கிலோ வரைக்கும் சாமான். நாடு முழுக்க போனது கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். 50 கிலோன்னா என்னன்னு நான் ஒரு நாள் என் ஹாஸ்டல் ரூம பாத்து யோசிச்சேன். ஒரு தையல் மெஷின எடுத்தா போர்வைய விடணும். வீட்ட பூட்டி சாவிய ஒப்படைச்சிட்டுப் போகணும். அதுக்கு முந்தின ஏழு வருஷத்துல செக்காரங்களுக்கும் யூதர்களுக்கும் நடந்தத ஒதுக்கி வச்சிட்டு இத சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், அதையும் சேத்தே சொல்றேன். ஆனா சாவியக் குடுத்துட்டு நடந்த அந்தப் பாட்டிய என்னால மனசுலேர்ந்து எடுக்க முடியல.

காலியான வீட்டுக்கு உள்நாட்டு செக்காரங்க வந்தாங்க, ஸ்லோவாக்கியாலேர்ந்து வந்தாங்க, ருமேனியாவுல ரொம்ப காலம் குடியிருந்த ஸ்லோவாக்காரங்க திரும்பி வந்தாங்க, ரோமா ஜனங்களும் வந்தாங்க. அதனால இன்னிக்கு காப்லிட்சே பக்கம் போய் உங்க குடும்பம் எந்த ஊருன்னு கேட்டா பதில் எங்கெங்கேர்ந்தோ வரும்.

எல்லையோர ஊருங்களுக்கு அந்த நிம்மதியும் கெடைக்கல. 1950-கள் ஆரம்பத்துல ஆஸ்திரியா எல்லையோரமா தடை செஞ்ச பட்டை போட்டாங்க, கம்பி வேலி, காவல் கோபுரம், யாரும் குடியிருக்கக் கூடாது. செட்வினி இடிஞ்சது அப்பதான். போரால இல்ல, போர் முடிஞ்ச பல வருஷம் கழிச்சு இடிச்சாங்க. சர்ச் மட்டும் எப்படியோ தப்பிச்சு, 90-களுக்கு அப்புறம் பழுது பாத்தாங்க. போஹோரீ நா ஷுமவ்யேன்னு இன்னொரு ஊரு, ஜெர்மன்ல பூகர்ஸ், அந்த சர்ச்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, டவர் விழுந்து பாழாப் போச்சு.

மாவட்டம் அதுக்கப்புறமும் இருந்துச்சு, அது பல பேருக்குத் தெரியாது. செக் ஆபீஸா, காப்லிட்சே ஒக்ரெஸ்னு (செக்ல மாவட்டம்னு அர்த்தம்) 1960 வரைக்கும். 1960-ல நாடு முழுக்க சின்ன மாவட்டத்த எல்லாம் சேத்து பெருசாக்கினப்போ காப்லிட்சே கரைஞ்சு போய் பெரும்பகுதி செஸ்கீ க்ரும்லோவ்ல சேர்ந்துச்சு, நோவே ஹ்ராடி இப்ப புட்யெயோவிட்சே மாவட்டத்துல இருக்கு. 2002 கடைசியில மாவட்ட ஆபீஸையே மூடிட்டாங்க, அந்த வேலைய இப்ப சில டவுன் முனிசிபாலிட்டி செய்யுது, அதுல காப்லிட்சேயும் ஒண்ணு. விஷ்ஷீ ப்ரோட்காரங்க க்ரும்லோவுக்குப் போறாங்க, நோவே ஹ்ராடிகாரங்க ட்ர்ஹோவே ஸ்வினிக்குப் போறாங்க. சுவடி சார் சொன்ன மூணு கோர்ட்டு டவுனும் இப்ப மூணு வேற ஆபீசுக்குக் கீழ இருக்கு பாருங்க.

அண்ணா, உங்களுக்கு உண்மையாவே ஆர்வம் இருந்தா புத்தகத்த விட்டுட்டு ட்ரெபோன் ஆவணக் காப்பகத்துக்குப் போங்க, போகக் கூட வேண்டாம், தென் பொஹீமியா சர்ச் பதிவேடு எல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்துல இலவசமா இருக்கு. ஸெட்விங்னு ஜெர்மன் பேர்லயும் தேடுங்க. 1784-க்கு அப்புறம் ஜோசப் பேரரசர் உத்தரவு படி கட்டம் போட்ட ஃபாரம், அதுல வீட்டு நம்பர் இருக்கும். 1770-ல பட்டாளக் கணக்குக்காக வீட்டுக்கு நம்பர் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் நம்பர் அவ்வளவா மாறாது. அதனால ஒரு வீட்ல யாரு பொறந்தாங்க, யாரு செத்தாங்கன்னு நூறு வருஷத்துக்குப் பிடிச்சிட்டே வரலாம். நீங்க பாத்த அந்த மேட்டுக்கெல்லாம் ஒரு நம்பர் உண்டு அண்ணா.

---

மால்ச்கரை எழுதியது:

வாணி, நீ சொன்ன அன்னிக்கு ராத்திரியே தொறந்துட்டேன், ரெண்டு மணி வரைக்கும் தூங்கல. கட்டம், வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு. நம்பர் படிக்க முடியுது, பேரு மட்டும் சுத்தமா படிக்க முடியல, எல்லாம் சாஞ்ச சாஞ்ச கோடா ரம்பப் பல்லு மாதிரி இருக்கு. எனக்கு ஜெர்மன் நல்லாவே வரும், ஆபீஸ்ல தினம் பேசுறேன், ஆனா இது வேற எழுத்தா? ஒரே வீட்ல அடுத்தடுத்து நாலு குழந்தை பொறந்த பதிவு, ரெண்டுக்குப் பக்கத்துல சிலுவை போட்டிருக்கு. அந்தக் குழந்தைங்க பேரையாவது படிக்கணும்.

---

பழையசுவடி எழுதியது:

அது குர்ரென்ட் எழுத்து தம்பி, 1941 வரைக்கும் ஜெர்மன் பள்ளிக்கூடத்துல கைப்பழக்கம் அதுதான், ஒரு வாரம் உக்காந்தா பிடிபட்டுடும். சிலுவை போட்டிருந்தா பெரும்பாலும் அந்தக் குழந்தை தவறிடுச்சுன்னு பின்னாடி பாதிரியார் குறிச்சது, கூட ஒரு தேதியும் இருக்கும், இறப்புப் பதிவேட்ட அந்தத் தேதிக்குத் திருப்பினா காரணமும் எழுதியிருப்பாரு.

மொதல்ல தெரிஞ்ச பேர்லேர்ந்து ஆரம்பிங்க, யோஹான், மரியா, தெரேசியா, ஃப்ரான்ஸ், இதுங்கதான் பாதி பக்கம் இருக்கும். உங்களக் கொழப்பறது ஈ (e) எழுத்து, அது பாக்க என் (n) எழுத்து மாதிரியே ரெண்டு கோடாத்தான் இருக்கும், யு (u) எழுத்தும் அதே ரெண்டு கோடுதான். தலைக்கு மேல சின்னதா ஒரு வளைவு தெரியுதான்னு பாருங்க, வளைவு இருந்தா அது யு. அந்த வீட்டு நம்பரும் பக்க எண்ணும் இங்க போடுங்க, நாலு பேரையும் சேந்து படிச்சிடலாம்.